லினக்ஸ் பேக்கப்பைச் சுருக்கித் தொலைவுச் சர்வருக்கு அனுப்புதல்: முழுமையான வழிகாட்டி

ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை மீட்க வேண்டி வந்தபோதுதான் அந்த பேக்கப் கோப்பை முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். பெயரில் அன்றைய தேதி இருந்தது. அளவும் நம்பும்படி இருந்தது. சுருக்கத்தில் பழுதில்லை என்று கருவியே சொன்னது. உள்ளே பார்த்தால் 'ஆர்டர்ஸ்' என்ற அட்டவணையோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. ஆங்கில அகர வரிசையில் அதற்குப் பின்னால் வரவேண்டிய அட்டவணை ஒன்றுகூட இல்லை.

தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. சில வாரங்களுக்கு முன் யாரோ ஓர் அட்டவணையை நீக்கியிருந்தார்கள். அதை நம்பியிருந்த ஒரு வியூ (அட்டவணைபோலத் தெரியும், சேமித்து வைத்த வினவல்) மட்டும் அநாதையாக நின்றது. தரவுத்தளத்தைக் கோப்பாக எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் ஒவ்வோர் இரவும் அந்த வியூ வரை வந்து, பிழை சொல்லிவிட்டு, வெளியேறியிருக்கிறது. பைப்பின் (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்கு ஊட்டும் குழாய்) மறுபுறம் இருந்த சுருக்கும் கருவிக்கு இது எப்படித் தெரியும்? வரவு நின்றது, வேலை முடிந்தது என்று கோப்பை முறையாக மூடிவிட்டது. ஸ்கிரிப்டும் 'பேக்கப் வெற்றி' என்று நாற்பது நாள் மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட, அவை எங்கே சத்தமில்லாமல் தோற்கும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சுருக்கி அனுப்ப ஒரே வரி போதும். அந்த வரி தோற்றால் உங்களுக்குத் தெரிய வேண்டும். மிச்ச வேலையெல்லாம் அதற்காகத்தான்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்வதுபோலத் தமிழ் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஆப்ஷனில் பெரிய எழுத்து வருமிடத்தில் மட்டும் 'பெரிய' என்று சொல்லிவிடுகிறேன்.

படி 1: எதை எடுப்பது, எதை விடுவது

முழு வட்டையும் அள்ளிக்கொண்டு போவது சோம்பேறித்தனம். மீட்கும்போது அது கழுத்தை அறுக்கும். பெரும்பாலான சர்வர்களுக்கு /எட்சி, /ஹோம், /ரூட், /யூஎஸ்ஆர்/லோக்கல், /வார்-இல் உங்கள் செயலிகள் எழுதும் அடைவுகள், இவை போதும். நிறுவியிருக்கும் மென்பொருள் பொதிகளின் பட்டியலை ஒரு சிறு கோப்பாக எடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள். பொதிகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், பட்டியலை இறக்க முடியாது.

/ப்ராக், /சிஸ், /டெவ், /ரன் ஆகியவை வட்டிலேயே இல்லை. கெர்னல் காட்டும் தோற்றங்கள், அல்லது நினைவகத்தில் மட்டும் இருப்பவை. 64 பிட் கணினியில் /ப்ராக்/கேகோர் என்ற கோப்பின் அளவைப் பார்த்தால் 128 டெராபைட் என்று காட்டும். தெரியாமல் அதை டாருக்குள் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) இழுத்துவிட்டால் இரவு முழுக்க வேடிக்கைதான். டாருக்கு --ஒன்-ஃபைல்-சிஸ்டம் என்று சொல்லிவிட்டால் வேறு கோப்பு முறைமைக்குள் அது நுழையாது. ஆனால் /ஹோம் தனிப் பகிர்வாக இருந்து, நீங்கள் வெறும் / மட்டும் கொடுத்திருந்தால் /ஹோமும் சேர்ந்தே விட்டுப்போகும். அதனால் அடைவுகளைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் அடைவை மட்டும் டார் செய்யாதீர்கள். டார் முதல் கோப்பைப் படித்து முடிப்பதற்குள் கடைசிக் கோப்பு மாறியிருக்கும்; மீட்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது. மைஎஸ்கியூஎல் என்றால் மைஎஸ்கியூஎல்டம்ப், அதோடு --சிங்கிள்-ட்ரான்சாக்‌ஷன். இது இன்னோடிபி அட்டவணைகளுக்குத்தான் முறையாக வேலை செய்யும். போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிடம்ப். அதன் கஸ்டம் வடிவம் இயல்பாகவே சுருக்கப்பட்டு வருகிறது என்பதால் அதன்மேல் இன்னொரு சுருக்கம் வேண்டாம். 16ஆம் பதிப்பிலிருந்து பிஜிடம்ப்பே இசட்எஸ்டிடியில் (படி 2இல் வரும் சுருக்கும் கருவி) சுருக்கித் தரும். எஸ்கியூலைட் கோப்பை நகலெடுக்காமல் அதன் சொந்த பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், மொத்த அளவு என்ன என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு. வேகத்தைச் சோதிக்க டாரின் வெளியீட்டை, எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் /டெவ்/நல் பக்கம் திருப்பினால் 100 ஜிபியும் சில நொடிகளில் முடிந்துவிடும். கணினி வேகமானது என்று மகிழ வேண்டாம். வெளியீடு /டெவ்/நல் என்று கண்டுகொண்டால் குனு டார் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிப்பதே இல்லை. உண்மையான அளவு வேண்டுமென்றால் நடுவில் ஒரு பைப் வையுங்கள்:

டார் --கிரியேட் --ஃபைல்=- --ஒன்-ஃபைல்-சிஸ்டம் /எட்சி /ஹோம் | இசட்எஸ்டிடி -3 | டபிள்யூசி -சி

சுருக்கிய பிறகு எத்தனை பைட் வரும் என்பதும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

படி 2: எந்தக் கருவியால் சுருக்குவது

இதைப் பற்றிய சண்டைகளில் பாதி, இணைப்பின் வேகத்தைச் சொல்லாமலே நடப்பவை. முதலில் கணக்கு. அப்லோடு வேகம் 20 மெகாபிட் என்றால் நொடிக்கு 2.5 மெகாபைட். 100 ஜிபியை அப்படியே அனுப்பினால் 40,000 நொடி, அதாவது 11 மணி நேரத்துக்கு மேல். அதையே 40 ஜிபியாகச் சுருக்கினால் நான்கரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த இணைப்பில் சுருக்கும் கருவி கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது, கோடுதான் தடை. ஒரே தரவு மையத்துக்குள் 10 கிகாபிட்டில் அனுப்புகிறீர்கள் என்றால் கதை தலைகீழ். கோடு காத்திருக்கும், கருவி திணறும்.

கருவிகள் நான்கைந்துதான். 1992இல் வந்த ஜிஜிப் எல்லா இடத்திலும் இருக்கும். எந்தப் பழைய கணினியிலும் திறக்கலாம். ஆனால் சிபியூவின் ஒரே ஒரு கோரை மட்டும்தான் பயன்படுத்தும். அதன் பல கோர் வடிவமான பிக்ஜ், அதே ஜிஜிப் கோப்பைப் பல மடங்கு வேகமாகத் தரும். பிஜிப்2 வைத்துக்கொண்டு இன்று புதிதாகத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. எக்ஸ்இசட் நன்றாக இறுக்கும், ஆனால் நேரமும் நினைவகமும் கேட்கும். 9ஆம் நிலையில் சுருக்க ஏறத்தாழ 674 மெபிபைட், திறக்க 65 மெபிபைட். 1 ஜிபி ராம் உள்ள சின்ன சர்வரில் இதை இரவு இரண்டு மணிக்கு ஓட விட்டால், நினைவகம் போதாமல் கெர்னல் எதையாவது கொல்லும். பெரும்பாலும் அது உங்கள் தரவுத்தளமாக இருக்கும்.

என் தேர்வு இசட்எஸ்டிடி. 2016இல் 1.0 பதிப்பு வந்தது, இப்போது எல்லா டிஸ்ட்ரோக்களிலும் இருக்கிறது. நிலைகள் 1 முதல் 19 வரை, இயல்பு 3. 'அல்ட்ரா' என்று கேட்டால் 22 வரை போகும். மெதுவான இணைப்பு என்றால் 10 முதல் 15 வரை முயலுங்கள், வேகமான இணைப்பு என்றால் 1 அல்லது 3. பெரிய டி 0 என்று கொடுத்தால் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். பகலில் ஓட்டுவதானால் அப்படிக் கொடுக்காமல் 2 என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இசட்எஸ்டிடியில் --லாங் என்று ஒன்று உண்டு. ஒரே மாதிரித் தரவு தூரத்தூரமாகக் கிடக்கும் பெரிய டாருக்கு நல்ல பலன் தரும். வெறும் --லாங் என்றால் 128 மெகாபைட் சன்னல். திறக்கும்போது எதுவும் சொல்லத் தேவையில்லை. --லாங்=31 என்று போட்டால் திறக்கும்போதும் அதையே சொல்ல வேண்டும், இல்லையென்றால் திறக்க மறுக்கும். மீட்கும் நாளில் பதற்றத்தோடு இதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த ஆசை இல்லாததால் வெறும் --லாங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜேபெக், எம்பி4 போன்றவை ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை 19ஆம் நிலையில் போட்டு அரைப்பதால் மின்சாரம்தான் செலவாகும். படக் கிடங்கு பெரிதாக இருந்தால் அதைத் தனியே, சுருக்காமல், ஆர்சிங்க்கில் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி) அனுப்புங்கள். அதேபோல, சுருக்கிய கோப்பை அனுப்பும்போது எஸ்எஸ்எச்சின் (தொலைவுச் சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் கருவி) பெரிய சி, ஆர்சிங்க்கின் இசட் ஆகிய சுருக்க ஆப்ஷன்களை அணைத்துவிடுங்கள்.

(எக்ஸ்இசட் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. 2024 மார்ச்சில் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் பொறியாளர். சுருக்கும் நூலகத்துக்கும் எஸ்எஸ்எச் சர்வருக்கும் என்ன உறவு என்றால், சில டிஸ்ட்ரோக்கள் எஸ்எஸ்எச்சை சிஸ்டம்டியோடு இணைத்திருந்தன. அதன் வழியாக அந்த நூலகமும் உள்ளே வந்துவிட்டது. இப்போதைய பதிப்புகள் சரிசெய்யப்பட்டவை.)

படி 3: மறுமுனையில் கதவு

பேக்கப் சர்வரில் இந்த வேலைக்கென்றே ஒரு பயனரை உருவாக்குங்கள். ரூட்டாகப் போய் எழுத வேண்டிய தேவை எதுவும் இல்லை. அனுப்பும் கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் மூலம் இடி25519 வகைச் சாவி ஒன்று. இரவில் தானாக ஓட வேண்டியது என்பதால் கடவுச்சொல் இருக்காது. அதாவது, அனுப்பும் கணினியில் புகுந்தவன் கையில் இந்தச் சாவியும் கிடைத்துவிடும். அதை வைத்து அவன் பேக்கப்பை அழிக்க முடியாதபடி செய்வதுதான் இந்தப் படியின் நோக்கம்.

பேக்கப் சர்வரின் ஆத்தரைஸ்ட்_கீஸ் கோப்பில் அந்தச் சாவிக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்றும், கமாண்ட்= என்று ஒரு ஸ்கிரிப்டின் பெயரும் எழுதுங்கள். இனி அந்தச் சாவியோடு யார் வந்தாலும், என்ன கேட்டாலும், அந்த ஸ்கிரிப்ட் மட்டும்தான் ஓடும். கேட்டது என்ன என்பது எஸ்எஸ்எச்_ஒரிஜினல்_கமாண்ட் என்ற மாறியில் கிடைக்கும். அந்த மாறியை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

என் ஸ்கிரிப்டுக்கு இரண்டே வார்த்தைகள் தெரியும். 'பெறு' என்றால், வருவதை வாங்கி அன்றைய தேதியும் நேரமும் போட்ட பெயரில், கடைசியில் '.பகுதி' என்று சேர்த்து எழுதும். பெயரை வைப்பது அனுப்புபவர் இல்லை, சர்வர். 'உறுதி' என்றால், கூடவே வரும் சரிபார்ப்பு எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுவது) தன் கையிலிருக்கும் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் '.பகுதி'யை நீக்கிப் பெயர் மாற்றும். அழிக்க ஒரு வார்த்தை கிடையாது. பேஷில் நோக்ளாபர் போட்டுவிட்டால் இருக்கும் கோப்பின் மேல் தவறியும் எழுதாது.

ஏன் இரண்டு வார்த்தைகள்? 'கேட் செய் (வருவதை அப்படியே கோப்பில் கொட்டு), முடிந்ததும் பெயர் மாற்று' என்று ஒரே கட்டளையாக எழுதலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அனுப்பும் பக்கம் டார் பாதியில் செத்தால், மறுமுனையில் கேட் பார்ப்பது என்ன? வரவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு அது வெற்றி. உடனே பெயரை மாற்றி, பாதிக் கோப்பை முழுக் கோப்பாக முடிசூட்டிவிடும். முழுதாக வந்ததா என்பது அனுப்புபவருக்குத்தான் தெரியும், அதனால் முடிசூட்டும் உத்தரவு அவரிடமிருந்து தனியாக வர வேண்டும்.

எஸ்எஸ்எச் அமைப்பில் இன்னும் இரண்டு வரிகள். பேட்ச்மோட்=யெஸ் இருந்தால், சாவி ஒத்துக்கொள்ளாதபோது கடவுச்சொல் கேட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே தோற்கும். சர்வர்அலைவ்இன்டர்வல்=60 இருந்தால் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்காது. ஹோஸ்ட் சாவியைச் சரிபார்க்காதே என்று சொல்லும் ஆப்ஷனை இணையத்தில் தாராளமாகப் பரிந்துரைப்பார்கள். வேண்டாம். முதல்முறை கையால் ஓட்டி, கைரேகையைப் பார்த்து, ஏற்றுக்கொண்டால் போதும்.

படி 4: ஒரே ஓட்டமாக அனுப்புதல்

வட்டில் இடம் இல்லை, தற்காலிகக் கோப்பு வேண்டாம் என்றால் இந்த வழி. கீழே 'கிடங்கு' என்பது எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் பேக்கப் சர்வருக்கு நீங்கள் வைத்த பெயர்:

டார் --கிரியேட் --ஃபைல்=- --ஒன்-ஃபைல்-சிஸ்டம் --ஆக்ல்ஸ் --எக்ஸ்அட்டர்ஸ் /எட்சி /ஹோம் | இசட்எஸ்டிடி -3 | எஸ்எஸ்எச் கிடங்கு பெறு

இதற்கு முன்னால் ஸ்கிரிப்டின் தலையில் இருக்க வேண்டியது: செட் -யூ (வரையறுக்காத மாறி வந்தால் நிறுத்தும்), செட் -ஓ பைப்ஃபெயில். பேஷ் இயல்பாகப் பைப்பின் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் பார்க்கும். மேலே உள்ள வரியில் கடைசி எஸ்எஸ்எச். டார் செத்தாலும் எஸ்எஸ்எச் நன்றாக முடிந்தால் மொத்தமும் வெற்றி என்று சொல்லிவிடும். பைப்ஃபெயில் போட்டால் எது தோற்றாலும் தோல்வி. தொடக்கத்தில் சொன்ன நாற்பது நாள் கதைக்கு மருந்து இந்த ஒரு வரிதான்.

ஆனால் பைப்ஃபெயில் போட்ட மறுநாளே இன்னொரு தலைவலி வரும். படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு மாறிவிட்டது என்று டார் புகார் சொல்லி, 1 என்ற எண்ணோடு வெளியேறும். லாக் கோப்புகள் இருக்கும் இடத்தில் இது தினசரி நடப்பு. 2 என்றால்தான் உண்மையான பிழை. இரண்டையும் பிரித்துப் பார்க்க பைப்ஸ்டேட்டஸ் என்ற வரிசை உதவும். பைப்பில் இருந்த ஒவ்வொரு கட்டளையின் முடிவும் அதில் தனித்தனியே இருக்கும். பைப் முடிந்த அடுத்த வரியிலேயே அதை வேறு மாறிக்கு நகலெடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு எக்கோ போட்டாலும் பழைய மதிப்புகள் போய்விடும். டாருக்கு 0 அல்லது 1, மற்றவற்றுக்கு 0. இதற்கு வெளியே எது வந்தாலும் 'உறுதி' அனுப்பாமல் நிறுத்துங்கள்.

சரிபார்ப்பு எண்ணை எப்படி எடுப்பது? கோப்பே உள்ளூரில் இல்லையே. இசட்எஸ்டிடிக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் நடுவில் டீ என்ற கட்டளையை (வருவதை இரண்டு கிளையாகப் பிரிப்பது) வைத்து, ஓடும் தரவின் ஒரு கிளையை, சரிபார்ப்பு எண் கணக்கிடும் ஷா256சம்முக்கு விடுங்கள். பேஷின் சுருக்கெழுத்தில் இதை ஒரே வரியில் எழுதலாம், ஆனால் அந்தக் கிளை முடியும்வரை பேஷ் காத்திருப்பதில்லை. சில நாள் எண் கிடைக்கும், சில நாள் காலிக் கோப்பு கிடைக்கும். அதற்குப் பதில் எம்கேஃபைஃபோ மூலம் ஒரு பெயருள்ள பைப் உருவாக்கி, ஷா256சம்மை அதிலிருந்து படிக்கும்படி பின்னணியில் ஓட விட்டு, டீ அதில் எழுதட்டும். எல்லாம் முடிந்ததும் வெயிட் போட்டுப் பின்னணி வேலை முடியும்வரை நின்று, எண்ணை எடுத்து, 'உறுதி'யோடு அனுப்புங்கள். எழுத நான்கு வரி அதிகம், ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

முதல்முறை கையால் ஓட்டும்போது டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். மடிக்கணினியை மூடியதும் வேலை செத்துப்போவதைப் பார்க்க வேண்டியிருக்காது. எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க நடுவில் பிவி வைத்துக்கொள்ளலாம்.

படி 5: இணைப்பு நடுவில் அறுந்தால்

ஒரே ஓட்டத்தின் பலவீனம் இதுதான். 38ஆவது ஜிபியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. நல்ல இணைப்பில் பரவாயில்லை. அடிக்கடி விழும் இணைப்பு என்றால் முதலில் உள்ளூரில் கோப்பாகச் சுருக்கி வைத்து, பிறகு ஆர்சிங்க்கில் அனுப்புங்கள்.

ஆர்சிங்க் இயல்பாக ஒரு மறைவுப் பெயரில் எழுதி, முழுதும் வந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும். நல்ல பழக்கம். --பார்ஷியல் என்று சேர்த்தால் அந்த நல்ல பழக்கம் கெட்டுவிடும். அறுந்தபோது வந்தவரையிலான பாதியை உண்மைப் பெயரிலேயே விட்டுவைக்கும். அதற்குப் பதில் --பார்ஷியல்-டிர்=.பகுதி என்று கொடுங்கள். பாதிக் கோப்பு தனி அடைவில் ஒதுங்கி நிற்கும், அடுத்த முறை அதையே அடிப்படையாக வைத்து மிச்சத்தை அனுப்பும். பகலில் அலுவலக இணைப்பை விழுங்காமல் இருக்க --பிடபிள்யூலிமிட்=2000 போல ஓர் எல்லை வையுங்கள்; எண் நொடிக்குக் கிபிபைட்டில். பிறகு, வெற்றி பெறும்வரை ஒரு நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப முயலும் ஒரு வளையத்துக்குள் வையுங்கள். முயற்சிகளுக்கு ஓர் உச்ச எண் இருக்கட்டும்.

படி 3இல் பூட்டிய சாவி இதற்கு ஆகாது. ஆர்சிங்க்குடனே வரும் ஆர்ஆர்சிங்க் என்ற சிறு ஸ்கிரிப்டை இன்னொரு சாவிக்குக் கட்டாயக் கட்டளையாக வையுங்கள். -டபிள்யூஓ கொடுத்தால் எழுத மட்டும் அனுமதி, ஓர் அடைவுக்குள் மட்டும்.

மிகப் பெரிய கோப்பு என்றால் ஸ்பிளிட் கொண்டு 1 ஜிபி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சரிபார்ப்பு எண் வைப்பதும் உண்டு. பழுதான துண்டை மட்டும் மறுபடி அனுப்பலாம், கேட் கொண்டு ஒட்டலாம்.

நாள்தோறும் மாறுவது சொற்பம், ஆனால் மொத்தம் பெரிது என்றால், உண்மையில் டாரே வேண்டாம். போர்க், ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவிகள் இரண்டும் தரவைத் துண்டுகளாக்கி, ஏற்கெனவே மறுமுனையில் உள்ள துண்டை மறுபடி அனுப்பாமல் விடும். சுருக்கமும் பூட்டும் (என்கிரிப்ஷன்) உள்ளேயே இருக்கின்றன. டார் கோப்பின் பெருமை ஒன்றுதான்: எந்த லினக்ஸிலும், எதையும் நிறுவாமல், பதினைந்து ஆண்டு கழித்தும் திறக்கும். நான் தினசரிக்கு ரெஸ்டிக்கும் மாதம் ஒருமுறை டாரும் வைத்திருக்கிறேன்.

படி 6: பூட்டு

பேக்கப் சர்வர் உங்களுடையது இல்லையென்றால் அனுப்புமுன் பூட்டிவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் சுருக்கம், பிறகு பூட்டு. பூட்டிய தரவு வெறும் இரைச்சல் போல இருக்கும். அதைச் சுருக்க முயன்றால் ஒரு பைட்டும் குறையாது. ஏஜ் என்ற சிறு கருவி இதற்குப் போதும். பொதுச் சாவி மட்டும் அனுப்பும் கணினியில் இருக்கட்டும். ஜிபிஜி பயன்படுத்தினால் அது தானும் ஒரு சுருக்கம் செய்யப் பார்க்கும், அதை அணையுங்கள். சரிபார்ப்பு எண்ணைப் பூட்டிய பிறகான தரவில் எடுங்கள், அப்போதுதான் மறுமுனை சாவி இல்லாமலே ஒப்பிட முடியும்.

படி 7: வந்தது முழுதா, வந்தது சரியா

இவை இரண்டு வேறு கேள்விகள். அனுப்பியதும் வந்ததும் ஒன்றுதானா என்பதற்கு ஷா256 பதில் சொல்லும். அனுப்பியதே குப்பையாக இருந்தால் குப்பையை முழுதாக அனுப்பியதற்குச் சான்றிதழ் தரும்.

இசட்எஸ்டிடியின் டெஸ்ட் ஆப்ஷனும் அப்படித்தான். என் பாதித் தரவுத்தளம் அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது என்பதை மறக்க வேண்டாம். உள்ளடக்கத்தைப் பார்க்கும் சோதனை வேண்டும். மைஎஸ்கியூஎல்டம்ப் முழுதாக முடிந்தால் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதும். பிஜிடம்ப்பின் எழுத்து வடிவமும் 'டேட்டாபேஸ் டம்ப் கம்ப்ளீட்' என்று எழுதும். கோப்பை விரித்து, டெயில் போட்டு, அந்தச் சொல் இருக்கிறதா என்று கிரெப் செய்தால் போதும். டார் என்றால் பட்டியலை எடுத்து, கட்டாயம் இருக்க வேண்டிய மூன்று கோப்புகளைத் தேடுங்கள். அளவையும் ஒப்பிடுங்கள். இன்றைய கோப்பு நேற்றையதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் யாராவது பார்க்க வேண்டும்.

கிட்லாப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால் கிடங்கு காலி. 9.6 பதிப்புத் தரவுத்தளத்தின்மேல் 9.2 பதிப்பு பிஜிடம்ப் ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் போயிருந்தன. டிமார்க் (மெயில் உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்க்கும் முறை) சரியாக இல்லாததால் அவற்றைப் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

அதனால் தோல்வி வந்தால் மெயில் அனுப்பு என்பதை நான் நம்புவதில்லை. மூன்றாவது கணினி ஒன்று, 'உறுதி' செய்யப்பட்ட கடைசிக் கோப்பின் தேதியைப் பார்த்து, 26 மணி நேரத்துக்குமேல் பழையது என்றால் கத்த வேண்டும். வெற்றிச் செய்தி வராமல் போவதே அலாரம்.

படி 8: நேரம் குறித்தல்

குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் இரண்டு வழிகளில், சிஸ்டம்டி டைமர் கிரானைவிட ஒரு விஷயத்தில் மேல். பெர்சிஸ்டன்ட்=ட்ரூ போட்டால், குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தாலும் எழுந்ததும் ஓட்டிவிடும். பல சர்வர்கள் ஒரே கிடங்குக்கு அனுப்பினால் ரேண்டமைஸ்ட்டிலேசெக் கொண்டு நேரத்தைச் சிதறடியுங்கள். கிரான்தான் பழக்கம் என்றால் அதன் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகச் சிறியது என்பதை நினைவில் வையுங்கள். கையால் ஓடிய ஸ்கிரிப்ட் இரவில் 'கட்டளை காணோம்' என்று படுப்பது பெரும்பாலும் இதனால்தான். நேற்றைய ஓட்டமே முடியாதபோது இன்றையது தொடங்காமல் இருக்க எஃப்லாக் -என். மற்றவர்கள் வேலையைக் கெடுக்காமல் இருக்க நைஸ் 19, ஐஓநைஸ் -சி 3.

படி 9: பழையதைக் கழிப்பது

இந்த வேலையைக் கிடங்குச் சர்வர் தன் சொந்தப் பயனரில் செய்ய வேண்டும். அனுப்பும் சாவிக்கு அந்த உரிமையே கூடாது என்று ஏற்கெனவே பார்த்தோம்.

'30 நாளுக்கு மேற்பட்டதை அழி' என்று ஃபைண்டில் ஒரு வரி எழுதுவது எல்லோரும் செய்வது. புதிய பேக்கப் வருவது நின்றுபோய் யாரும் கவனிக்கவில்லை என்றால், அந்த வரி ஒழுங்காகத் தன் கடமையைச் செய்து, 31ஆம் நாள் கடைசிக் கோப்பையும் அழித்துவிடும். வயதை வைத்து அழிக்காதீர்கள், எண்ணிக்கையை வைத்து அழியுங்கள்: 'உறுதி'யான கோப்புகளில் புதிய 14, மாதத்துக்கு ஒன்று வீதம் 6, மற்றவை போகட்டும்.

அழிக்கும் ஸ்கிரிப்டில் செட் -யூ கட்டாயம். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு, 3.4 கோடி கோப்புகள், ஒரு பேக்கப் ஸ்கிரிப்டால் அழிந்தன. பழைய லாக்குகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை அதன்மேல் எழுதிவிட்டார்கள். பேஷ் ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓட ஓடப் படிக்கும். நடுவில் புதிய வரிகள் வந்தன, அவற்றுக்கான மாறிகள் வரையறுக்கப்படாமல் இருந்தன, ஃபைண்ட் தவறான அடைவில் அழிக்கத் தொடங்கியது. ஸ்கிரிப்டை மாற்றும்போது வேறு பெயரில் எழுதி எம்வி கொண்டு மாற்றி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேஷ் பழைய கோப்பையே பிடித்திருக்கும்.

படி 10: மீட்டுப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, வேறொரு கணினியில், காலி அடைவில். கிடங்கிலிருந்து கோப்பை இறக்கி, ஏஜால் திறந்து, இசட்எஸ்டிடியால் விரித்து, டாருக்கு --எக்ஸ்ட்ராக்ட் --நியூமரிக்-ஓனர், அதோடு பெரிய சி கொடுத்து அந்தக் காலி அடைவைக் காட்டுங்கள். நியூமரிக்-ஓனர் இல்லையென்றால் பெயரை வைத்து உரிமையாளரைத் தேடும். புதிய கணினியில் அதே பெயருக்கு வேறு எண் இருந்தால் கோப்புகள் யார் யாருக்கோ போய்விடும். டார் பாதைகளின் முதல் / குறியை நீக்கிவிடும் என்பதால் எல்லாம் காலி அடைவுக்குள்ளேயே விழும், பயப்பட வேண்டாம். நீட்டிப்புப் பண்புகளும் வேண்டுமென்றால் விரிக்கும்போது --எக்ஸ்அட்டர்ஸ் --எக்ஸ்அட்டர்ஸ்-இன்க்ளூட்=* என்று சேர்க்க வேண்டும்; வெறும் --எக்ஸ்அட்டர்ஸ் என்றால் பயனர் வகைப் பண்புகள் மட்டும்தான் திரும்பும்.

தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். 'எப்போது சரியாகும்?' என்று யாராவது கேட்கும் நாளில் சொல்வதற்கு ஓர் எண் இருக்கும்.

என் முதல் ஒத்திகை ஏழாவது நிமிடத்தில் நின்றது. கோப்பு வந்தது, சரிபார்ப்பு எண் பொருந்தியது, ஏஜ் சாவியைக் கேட்டது. சாவி எங்கே? பழைய சர்வரின் /ரூட் அடைவில். அந்தச் சர்வர் போய்விட்டது என்பதுதான் ஒத்திகையின் நிபந்தனை. /ரூட் பேக்கப்பில் இருக்கிறதா என்றால், இருக்கிறது; அந்தச் சாவியால் பூட்டப்பட்ட கோப்புக்குள். அன்று மாலையே சாவியை இரண்டு தாளில் அச்சடித்து இரண்டு இடத்தில் வைத்தேன்.